கார்னி வெந்நீர்க் கூடமும் அநுராதபுரத்து இரட்டைக் குளமும்

பொதுக் குளியல் கூடம் என்றதும் எல்லோருக்கும் ரோமானியர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்கள் போன ஊரில் மட்டுமல்ல, அவர்களோடு உறவு வைத்திருந்த நாடுகளிலும் வெந்நீர்க் கூடங்கள் எழுந்தன. ஆர்மீனியாவின் கார்னி கோட்டை அதற்கு நல்ல உதாரணம். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே, பாக் நீரிணையைத் தாண்டினால், குளிப்பதற்கென்றே கட்டிய கல் கட்டிடங்கள் இலங்கையில் இன்றும் நிற்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கார்னி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கூடம் 1953ல் அகழாய்வில் கிடைத்தது. உடை மாற்றும் அறை, குளிர்ந்த நீர் அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை என்று வரிசையாக அறைகள். சூடு எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். சுட்ட களிமண்ணால் ஆன குட்டைத் தூண்களின் மேல் தரையை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் அடுப்பு எரியும். அனல் காற்று தரைக்கு அடியில் புகுந்து ஓடும். தரை சூடாகும், அறையும் சூடாகும். கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் செராமிக் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். அனலைத் தாங்க, ஏற்கெனவே தீயில் வெந்த மண்ணை விட நல்ல பொருள் கிடைக்காது.

இனி அநுராதபுரம். இங்கே அபயகிரி விகாரையில் 5000 துறவிகள் இருந்ததாக, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்ரீகர் பாகியான் எழுதி வைத்திருக்கிறார். அந்த விகாரையைச் சேர்ந்ததுதான் குட்டம் பொகுண, அதாவது இரட்டைக் குளம். சிறியது சுமார் 91 அடி நீளம், பெரியது சுமார் 132 அடி. கரையும் படிகளும் செதுக்கிய கல் பலகைகள்.

இதன் நுட்பம் தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. நிலத்தடி வாய்க்காலில் வரும் நீர் நேராகக் குளத்தில் விழாது. முதலில் ஒரு கல் தொட்டியில் தங்கும். மண்ணும் சேறும் அடியில் படிந்த பிறகு, தெளிந்த நீர் மட்டும் மகர வாய் வழியாகச் சிறிய குளத்துக்குப் போகும், அங்கிருந்து பெரியதற்கு. மின்சாரம் கிடையாது, பம்பு கிடையாது. நிலத்தின் சரிவு ஒன்றுதான் இயந்திரம்.

வெந்நீருக்கும் வழி இருந்தது. ரிட்டிகல, அரங்கலை போன்ற வன விகாரைகளில் "ஜந்தாகர" என்ற குளியல் மனைகளின் இடிபாடுகள் உள்ளன. நடுவில் வானம் பார்த்த சதுரக் குளம், சுற்றிலும் தூண் வைத்த கூரை, மூலிகை அரைக்கும் கல், அடுப்பு. கார்னியில் கட்டிடத்தையே சூடாக்கினார்கள். இங்கே தண்ணீரைச் சூடாக்கினார்கள். குளிர் தேசத்துக்கும் வெயில் தேசத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பொலன்னறுவை நமக்கு இன்னும் நெருங்கிய ஊர். சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட நகரம் அது. அவர்களுக்குப் பின், முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் எட்டிதழ்த் தாமரை வடிவில் ஒரு குளியல் குளம் எழுந்தது. இதழ் அடுக்குகளே படிகள். கொழும்பில் 2011ல் திறந்த நெலும் பொகுண அரங்கம் இந்த வடிவத்தைப் பார்த்துக் கட்டியதுதான்.

சரி, இவையெல்லாம் "பொது"தானா? ரோம் நகரில் சில்லறைக் காசு கொடுத்தால் சாதாரண ஆளும் குளிக்கலாம். கார்னி கூடம் அரண்மனையைச் சேர்ந்தது. இரட்டைக் குளம் துறவிகளுக்கு உரியது. ஊர் மக்களுக்கு ஏரியும் ஆறும்தான்.

அப்படியென்றால் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? கார்னியின் தரையில் கடல் தெய்வங்களும் மீன்களும் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்துக்கு நடுவே கிரேக்கத்தில் ஒரு சிறு வாசகம். உழைத்தோம், ஒன்றும் பெறவில்லை என்ற பொருளில்தான் அதைப் பொதுவாகப் படிக்கிறார்கள். பக்தியா, கிண்டலா, கூலி கிடைக்காத வயிற்றெரிச்சலா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

அநுராதபுரத்துக்குப் பக்கத்தில் மிகிந்தலையில் இதற்கு நேர் எதிரான கல் ஒன்று உண்டு. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் நாட்டிய இரண்டு கற்பலகைகளில், விகாரையில் வேலை செய்தவர்களுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நிலம் என்று பட்டியலே இருக்கிறது. அன்றாடச் செலவை ஏட்டில் எழுத வேண்டும், ஆண்டுக் கணக்கைச் சங்கத்தார் முன் வைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இன்றைய ஆடிட்டிங் பாடத்துக்கு ஆயிரம் வருடத்து முன்னோடி!

குளம் கட்டிய ராஜாவின் பெயர் எல்லா ஊரிலும் நிற்கும். வேலை செய்தவனின் கூலியும் கல்லில் நிற்பது அபூர்வம். அநுராதபுரம் போகிறவர்கள் இரட்டைக் குளத்தோடு திரும்பிவிடாமல், மிகிந்தலைக்கும் போய் அந்தப் பலகைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.