கொல்லிமலை நீராடலுக்கு வயது என்ன?

சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்குக் கடல் வெகுதூரம். பாறை விளிம்பிலிருந்து விழும் நீரில் ஆசைதீர நனைந்துவிட்டு அன்று இரவுக்குள் வீடு திரும்ப வேண்டுமானால், அவர்கள் நாடுவது கொல்லிமலையின் ஆகாய கங்கை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேடு தாண்டி, அறப்பளீஸ்வரர் கோயிலருகே வண்டியை நிறுத்திவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம் வரும். மலைச்சாலை வந்த பிறகு முளைத்த பொழுதுபோக்கு என்றே இதைப் பலரும் நினைக்கிறார்கள். சாலை கொடுத்தது வேகத்தை மட்டும்தான். பயணத்தின் வேர் பழைய தீர்த்த வழக்கத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

முதல் சான்று கோயில் நிற்கும் இடம். அருவிக்கு மேலே, அய்யாற்றங்கரையில் அது அமைந்திருக்கிறது. தேவார வைப்புத் தலங்களில் ஒன்றாக எண்ணப்படுவது; சோழர் காலக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. தலக்கதையும் ஆற்றைச் சார்ந்தது: அறுபட்ட மீன்கள் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் துள்ளின என்பார்கள். கோயிலுக்கு வருபவர்கள் இன்றும் அந்த ஆற்று மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். இரண்டாவது சான்று நாள். ஆண்டிலேயே பெருங்கூட்டம் திரளும் காலம் ஆடிப்பெருக்கு. அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரை வணங்கித் திரும்புவது அன்றைய முறை. கடையெழு வள்ளல்களில் ஒருவனும் கொல்லியை ஆண்டவனுமான வல்வில் ஓரிக்குத் தமிழக அரசு எடுக்கும் விழாவும் ஆடி 17, 18இல்தான் நடக்கிறது. மக்கள் ஏற்கெனவே மலையேறும் நாளோடு அரசு விழாவும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது சான்று பாதை. திருச்சி மாவட்டப் பக்கத்துப் புளியஞ்சோலையிலிருந்து அய்யாற்றை ஒட்டிக் கோயிலுக்கு ஏறும் காட்டு நடைவழி ஒன்று உண்டு. வண்டிகளுக்காகப் போட்ட வழி அல்ல அது.

கோயில் பழமையானது என்பதால் அருவிக் குளியலும் பழமையானதாகிவிடுமா என்று கேட்கலாம். கல்வெட்டு எதுவும் குளியலுக்கு நேரடிச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை; ஆற்றங்கரைத் தலத்தில் நீராடாமல் சந்நிதிக்குள் போகும் வழக்கம் தமிழகத்தில் அரிது. முன்பு பக்தியோடு வந்தார்கள், இப்போது உல்லாசத்துக்கு வருகிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் ஆடிப்பெருக்கில் பக்தியும் உல்லாசமும் என்றைக்குப் பிரிந்திருந்தன? எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஆற்றங்கரையில் உண்டு களிப்பதே அந்தப் பண்டிகையின் பாதி. இன்று வருபவர் கும்பிடாமல் போனாலும், அவர் செய்வது அந்தப் பாதியைத்தான்.

உண்மையில் மாறியது காலக்கணக்கு. நீர்ப்பெருக்கு நாளை ஒட்டித் திரண்ட கூட்டம் இப்போது வாரக்கடைசிதோறும் திரள்கிறது. எப்போதாவது வந்த கூட்டத்தின் அழுக்கை அடுத்த வெள்ளம் அடித்துப்போனது. வாரந்தோறும் சேரும் சோப்பு நுரைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் அத்தகைய இடைவெளி கிடைப்பதில்லை. இதே அய்யாறுதான் கீழே புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்குப் பாய்கிறது. வெள்ளம் மிகும்போது வனத்துறை அருவிக்குத் தடை விதித்தால், வந்த பயணம் வீணாயிற்று என்று சலித்துக்கொள்ளவும் நியாயமில்லை. நீரின் போக்குக்கு ஏற்ப மனிதர் தம் நாளை மாற்றிக்கொள்வதே தீர்த்த மரபு. இந்த நீராடல் நேற்று வந்த கேளிக்கை அல்ல, நம் முன்னோர் விட்டுச்சென்ற உரிமை என்று உணர்பவர், அந்த உரிமையோடு ஒட்டிவந்த கட்டுப்பாட்டையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். சோப்பில்லாமல் குளிப்பதும், கொண்டுபோன உறையைத் திரும்பக் கொண்டுவருவதும் அதில் முதற்படி.