பிலிமத்தலாவையின் பித்தளைத் தொழிலும் ஆனந்த குமாரசுவாமியும்

கண்டி–கொழும்புப் பெருந்தெருவில் அமைந்த பிலிமத்தலாவையும் அதனை அடுத்த கடலாதெனிய முதலிய ஊர்களும் பித்தளை வார்ப்புக்குப் பெயர் பெற்றவை. இத்தொழிலின் வரலாற்றை அங்குள்ள கோயில்களிலிருந்து பிரித்து எழுத இயலாது. 1344ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கணேசுவராசாரி என்னும் சிற்பி தென்னிந்தியக் கற்றளி முறையிலேயே அமைத்தார். அதே காலத்து லங்காதிலக விகாரையின் பாறைச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

கண்டி அரசில் கம்மியர் 'நவந்தன்ன' என்னும் சாதிக் குழுவினராக, விசுவகர்மனைத் தம் முன்னோனாகக் கொண்டனர். நிலத்தைப் பயிரிட்டு உண்ணும் உரிமைக்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ தொழிலால் கடமை செலுத்தும் இராசகாரிய முறைக்குள் அவர்கள் வாழ்ந்தமையால், விளக்கு வார்ப்பது அவர்களுக்குப் பிழைப்பாகவும் வழிபாடாகவும் ஒருங்கே இருந்தது. மெழுகில் உருவைச் செய்து, களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவது மெழுகு வார்ப்பு எனப்படும். அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மெழுகுவேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். சமயச் சொற்பொழிவாளர் இதில் அகந்தை அழிதலுக்கு எளிதாக ஓர் உவமை காண்பர். கம்மியரின் பக்தியோ உவமையில் அன்றி, செய்முறையின் ஒழுங்கிலேயே தங்கியிருந்தது.

இதனைக் கூர்ந்து கண்டவர், கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, இலங்கைக் கனிமவள அளவைத் துறையின் முதல் இயக்குநராகப் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1908இல் வெளிவந்த அவருடைய 'இடைக்காலச் சிங்களக் கலை', புத்தர் உருவத்துக்குக் கண் திறக்கும் 'நேத்திர மங்கல்ய' சடங்கை விரித்துரைக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கண் திறப்பை நினைவூட்டும் இச்சடங்கில், கைவினைஞர் உருவத்தை நேரே நோக்காமல் கண்ணாடியில் பார்த்தே விழிகளைத் தீட்டுவார். பின்னர் கண்கள் கட்டப்பட்டு வெளியே அழைத்து வரப்படுவார். கட்டவிழ்ந்ததும் அவர் பார்வை முதலில் விழும் பொருளை அவரே அடையாளமாக வாளால் வெட்டுவார். அன்றாட உழைப்பும் ஆன்மிகமும் பிரியாதிருந்ததற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எனினும், அவ்வொருமையைக் குமாரசுவாமி போற்றிய அளவுக்கு அதனுள் இருந்த சாதிக் கட்டுப்பாட்டின் கடுமையை எடை போடவில்லை எனலாம். மேலும், 1815இல் கண்டியைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தபோது கோயில் நிலக் கடமைகளை விட்டுவைத்தனர். 1870இன் சட்டம் அவற்றையும் பணமாகச் செலுத்த வழிசெய்தது. இதனால், கம்மியரின் பக்தி காலப்போக்கில் தேய்ந்ததற்கு மனமாற்றத்தைவிட நில ஏற்பாட்டின் சிதைவே பெருங்காரணம் என்று கொள்வது பொருந்தும். ஆதலால் குமாரசுவாமியின் நூலைக் கையிலெடுப்போர், சடங்கைப் பற்றிய பக்கங்களோடு நிறுத்தாமல், நிலத்தையும் ஊழியத்தையும் பற்றிய பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.