பெயர் இல்லாமல் மிலான் போன செருப்பு

இன்னைக்கு எபிசோட் ஆண்கள் ஃபேஷன் பற்றி. 2025 ஜூன்ல மிலானிலும் பாரிசிலும் நடந்த, 2026 கோடைக்கான ரன்வே ஷோக்கள். நான் டிசைனர் கிடையாது, கோட் எழுதுறவன். பார்வையாளனா எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

ஜூன் 22, மிலான், பிராடா. மியூச்சா பிராடாவும் ராஃப் சைமன்ஸும் சேர்ந்து செய்த கலெக்‌ஷன். குழந்தைங்க போடுற மாதிரி உப்பலான குட்டை டிரவுசர், நாரில் பின்னின தொப்பி. எனக்குப் பிடிச்சுது. அப்புறம் கண்ணு காலுக்குப் போச்சு. கட்டைவிரலுக்கு வளையம், மேலே பின்னல் வார், தட்டையான தோல் அடி. கல்யாணத்துக்குக் குர்தாவோட நாம போடுற அதே கோலாப்புரி! ஆனா ஷோ குறிப்பில் இருந்த பெயர் வெறும் ‘தோல் செருப்பு’.

கோலாப்புரிக்கு ஊர் இருக்கு. மகாராஷ்டிராவில் 4 மாவட்டம், கர்நாடகாவில் 4 மாவட்டம். கருவேலம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தின தோலை, கையாலேயே வெட்டி கையாலேயே தைப்பாங்க. செய்றவங்க பெரும்பாலும் தலைமுறை தலைமுறையா தோல் வேலை பார்க்கிற தலித் குடும்பங்கள். 1902லேயே பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 50 சதவீத வேலை ஒதுக்கீடு கொடுத்த கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ், இந்தத் தொழிலுக்கும் ஆதரவா இருந்தார். செய்த வேலையைக் காட்டியே ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களுக்கு, அந்த வேலையின் பெயர் விடுபடுறது சின்ன விஷயம் இல்லை.

2019ல் கோலாப்புரிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அப்போ பிராடாவைத் தடுக்க முடியாதா? இங்கதான் ட்விஸ்ட். அந்தக் குறியீடு முக்கியமா காப்பாத்துறது பெயரை, வடிவத்தை இல்லை. பெயரைத் தப்பா பயன்படுத்தினா கேஸ் போடலாம். பெயரையே சொல்லாம விட்டா? எங்க துறையில எம்ஐடி லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு. கோடை இலவசமா எடுத்துக்கோ, ஆனா எழுதினவர் பெயரை அழிக்காதேன்னு அது கேட்கும். செருப்புத் தைக்கிறவருக்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

எதிர்ப்பு கிளம்பின பிறகுதான், இது இந்தியக் கைவினையிலிருந்து வந்ததுன்னு பிராடா ஒப்புக்கொண்டது. ஜூலையில் ஒரு பொதுநல வழக்கை பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர்தான் வழக்குப் போடணுமாம். அந்த உரிமையாளர்கள், ரெண்டு மாநில அரசுகளின் தோல் தொழில் கழகங்கள். டிசம்பரில் அதே கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி இந்தியாவிலேயே தயாராகும்னு அறிவிச்சது. விலை ஜோடி சுமார் 800 யூரோ.

இதே சீசன்ல, பிராடாவுக்கு ரெண்டே நாள் கழிச்சு, பாரிசில் லூயி விட்டான் ஷோ. ஃபாரெல் வில்லியம்ஸ் இந்தியாவை வெளிப்படையாவே சொன்னார். பிஜோய் ஜெயினின் ஸ்டுடியோ மும்பை அமைச்ச பரமபத மேடை, ஏ.ஆர். ரஹ்மான் பங்கெடுத்த பாட்டு. காபி நிற உடைகளும் அழகு. கட்டடக் கலைஞருக்கும் இசையமைப்பாளருக்கும் முதல் நாளே பெயர் கிடைச்சது. செருப்புத் தைக்கிறவங்களுக்கு ஊர் பெயர் கிடைக்கவே ஒரு சண்டை தேவைப்பட்டது. இந்த சீசன்ல எனக்கு மனசுல நின்னது இந்த வித்தியாசம்தான்.

அடுத்த தடவை கோலாப்புரி வாங்கும்போது, எந்த ஊர்ல தைச்சதுன்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. பதில் வந்தா எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.