தோள் சுமந்த சோறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன அரசரும் போரும் உடன்படிக்கைகளுமே. ஆயின், ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் உணவுத் தட்டிலும் படிக்கலாம். பினாங்கின் நாசி கண்டார் அதற்கு நல்லதொரு சான்று.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவினார். அதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர் கெடாவுடன் வாணிகம் நடத்தி வந்தனர். புதிய துறைமுகம் அவர்களைத் தீவுக்கு ஈர்த்தது. 1801இல் அவர்தம் தலைவர் காதர் மொகிதீன் முயற்சியால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றியது.

வணிகரைத் தொடர்ந்து உழைப்பாளரும் வந்தனர். கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய தொழிலாளர்க்கு, வேலைக்களத்தின் அருகிலேயே வயிறு நிறைக்கும் மலிவான உணவு தேவைப்பட்டது. அத்தேவையை நிறைவேற்றியோர் தமிழ் முஸ்லிம் சோற்று வணிகர். தோளில் ஒரு தடி. அதன் ஒருமுனையில் சோறு, மறுமுனையில் கறிவகைகள். அவர்கள் நின்ற இடமே உணவகம்!

'நாசி' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சோறு என்பது பொருள். 'கண்டார்' என்பது தடியின் இருமுனைகளிலும் பாரத்தைத் தொங்கவிட்டுச் சுமத்தலைக் குறிக்கும். இதனையே தமிழில் காவுதல் என்கிறோம். காவுதடி, காவடி என்பன அவ்வழி வந்த சொற்கள். ஆகவே, நாசி கண்டார் என்பதைக் 'காவடிச் சோறு' எனலாம். உணவின் பெயர் அதன் சுவையைக் கூறவில்லை. அதைச் சுமந்தவனின் உழைப்பைக் கூறுகிறது.

காலப்போக்கில் தடி தோளைவிட்டு இறங்கியது. மரநிழலிலும் ஐந்தடி நடைவழியிலும் கடைகள் அமைந்தன. பின்னர்க் காப்பிக் கடைகளின் மூலைகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. முடிவில் தனி உணவகங்கள் எழுந்தன. கேம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் தன் தொடக்க ஆண்டாக 1907ஐக் குறிக்கிறது. மீன்தலை, கணவாய், பொரித்த கோழி, வெண்டைக்காய் என வேண்டியதைச் சோற்றோடு பெற்று, பல குழம்புகளையும் கலந்து ஊற்றச் செய்வது இவ்வுணவின் தனி மரபு. தட்டே மூழ்குமாறு ஊற்றுவதை, வெள்ளம் எனப் பொருள்படும் 'பஞ்சிர்' என்னும் சொல்லால் கேட்பர்.

தமிழன் சோற்றோடு சொல்லையும் பரிமாறினான். கடை 'கெடாய்' ஆயிற்று. கறி 'காரி' ஆயிற்று. மாமா என்னும் உறவுச்சொல் 'மாமாக்' ஆயிற்று. அக்கடைகளில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் அருகருகே அமர்ந்து உண்கின்றனர்.

2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமை நகரமாயிற்று. 2024இல் மலேசியரின் காலையுணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்கள் அளந்து பதியப்பட்டன, உணவுகள் போற்றப்பட்டன. ஆனால், வெயிலிலும் மழையிலும் தடி சுமந்தோரின் வாழ்க்கை, பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தார் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளது. நினைவுக்கு ஆயுள் குறைவு.

எனவே, ஆசிரியர்காள்! முதியோரை நாடிச் சென்று, அவர்கள் எந்த ஊரினின்று வந்தனர், எத்தெருவில் விற்றனர், யார் வாங்கி உண்டனர் எனக் கேட்டெழுத மாணவரைப் பழக்குங்கள். தோள் சுமந்த சோற்றை நாடு உண்டது. அத்தோளின் வரலாற்றைச் சுமப்பது நம் எழுதுகோலின் கடனாகும்.