பதிவேட்டைச் சுமந்து சென்ற கலீஃபா

எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டு எழுத்துகள்தாம் வேறுபாடு. அதைத் திருத்துவதற்காக அவருடைய தந்தை, அன்றாடக் கூலியை இழந்து, பதினோரு முறை அலுவலகப் படியேறினார். பதினோராம் முறையும் வெறுங்கையோடு திரும்பிய அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், இந்தப் பதிவு, முத்திரை, கையெழுத்து எல்லாம் ஸஹாபாக்கள் காலத்தில் இருந்ததா? அவர்களெல்லாம் நிம்மதியாக அல்லவா வாழ்ந்திருப்பார்கள்!" என்றார்.

இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை. அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மாணவர்களிடம் கேட்டால், தொழுகை என்பார் ஒருவர், மறுமை என்பார் இன்னொருவர். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், அல்லாஹ் தமக்குக் கற்பித்திருக்க எழுத மறுக்கக் கூடாது, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்று அது பணிக்கிறது. எழுத்தருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கப்படக் கூடாது என்று அவர்களுக்குப் பாதுகாப்பும் அளிக்கிறது. எழுதத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த ஒரு சமூகத்தில் இறங்கிய கட்டளை இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே அரசுப் பதிவின் முதல் அடி எடுத்து வைக்கப்பட்டது. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு அன்னார் கேட்டதும், ஆயிரத்து ஐந்நூறு ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் பணிக்கப்பட்டதும், ஏறத்தாழ அரை மாதத்தில் அன்னார் கற்றுத் தேர்ந்ததும் நாம் அறிந்தவையே. ஆனால் நிலையான பதிவேடு, அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர், அதற்கென ஒரு முறை ஆகியவை உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில்தான் உருப்பெற்றன.

அதன் தொடக்கத்தில் ஒரு தூக்கக் கதை இருக்கிறது. பஹ்ரைனிலிருந்து அபூஹுரைரா (ரலி) அவர்கள் வருவாய்ப் பணத்தோடு மதீனா வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு என்று உமர் (ரலி) கேட்டார்கள். ஐந்து இலட்சம் திர்ஹம் என்று பதில் வந்தது. என்ன சொல்கிறீர் என்று தெரிந்துதான் சொல்கிறீரா என்று கலீஃபா கேட்க, அபூஹுரைரா (ரலி) அவர்கள் நூறாயிரம், நூறாயிரம் என்று ஐந்து முறை எண்ணிக் காட்டினார்கள். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. உமக்குத் தூக்கக் கலக்கம், வீட்டுக்குப் போய் உறங்கிவிட்டுக் காலையில் வாரும் என்று அனுப்பி வைத்தார்கள். காலையிலும் தொகை அதேதான். அவ்வளவு பணத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அதன் பிறகே எழுந்தது. அளந்து கொடுக்கவா, எண்ணிக் கொடுக்கவா என்று மக்களிடமே கேட்டார்கள். அந்நிய நாட்டவர் பதிவேடு வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம் என்று சொன்னவர்கள் உண்டு. யார் பெற்றார், யார் பெறவில்லை என்று தெரியாமற்போனால் குழப்பம் நேரும் என்று உஸ்மான் (ரலி) அவர்கள் எச்சரித்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இப்படிப் பிறந்ததுதான் 'தீவான்'. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டு என்பது பரவலான கருத்து. பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த அச்சொல்லே பின்னர் நம் நாட்டிற்கும் வந்து, புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் தலைமை அமைச்சரின் பதவிப் பெயரானது. வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி, பசலி என்று தாலுகா அலுவலகத்தில் நாம் இன்று கேட்கும் சொற்கள் பலவும் அதே வழியில் வந்து சேர்ந்தவைதாம்.

பதிவேட்டை எழுத மூவர் நியமிக்கப்பட்டனர்: அகீல் பின் அபீதாலிப் (ரலி), மக்ரமா பின் நவ்ஃபல் (ரலி), ஜுபைர் பின் முத்இம் (ரலி). மூவரும் குறைஷியரின் வமிசாவளியை நுணுக்கமாக அறிந்தவர்கள். அந்தக் கல்வியே அவர்களின் நியமனத்திற்குக் காரணம். அவர்கள் ஹாஷிம் குலத்தாரை முதலிலும், அடுத்து அபூபக்ர் (ரலி) அவர்களின் குலத்தையும், அதற்கடுத்து உமர் (ரலி) அவர்களின் குலத்தையும் எழுதிக் கொண்டு வந்தனர். ஆட்சிப் பொறுப்பின் வரிசையை அவர்கள் கருதினர் போலும். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்களுக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவோ அந்த வரிசையில் எழுதுங்கள், உமரை அல்லாஹ் வைத்த இடத்தில் வையுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்னாரின் குலமான பனூ அதீ வந்து, எழுத்தர்கள் வைத்த இடத்திலேயே இருந்துவிடலாமே என்று மன்றாடியது. என் முதுகின் மீது அமர்ந்து உண்ண விரும்புகிறீர்களா என்ற கருத்தில் கடிந்து, ஏட்டின் கடைசியில் உங்கள் பெயர் வந்தாலும் முறை வரும்வரை காத்திருங்கள் என்று விடையளித்தார்கள்.

தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கும் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களைவிடக் குறைவாகவே உதவித்தொகை எழுதினார்கள். மகன் காரணம் கேட்டபோது, நபி (ஸல்) அவர்களுக்கு உன்னைவிட உஸாமாவும், உன் தந்தையைவிட உஸாமாவின் தந்தையும் அதிகப் பிரியமானவர்கள் என்றார்கள். பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவருடைய உறவினர் பெயர் மேலே ஏறுவதைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இவ்விரு செய்திகளும் விந்தையாகத் தோன்றலாம்.

ஆயினும் நீதியுள்ள ஆட்சியாளரின் ஏட்டிலும் தவறு நுழையக் கூடும். என் கருத்தில் இந்த வரலாற்றின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று தொடக்கத்தில் விதி எழுதப்பட்டிருந்தது. பட்டியல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணமோ, பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும் என்ற எண்ணமோ, விதியை எழுதியபோது அதில் எவரும் பிழை கண்டதாகத் தெரியவில்லை. ஒரு நாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் அவர்களுக்குக் காவல் இருந்தனர். ஒரு குழந்தை விடாமல் அழுதது. கலீஃபா சென்று தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் சென்றார்கள். இரவின் இறுதிப் பகுதியிலும் அழுகை ஓயாததால் அத்தாயைக் கடிந்து கொண்டார்கள். வந்திருப்பவர் யாரென அறியாத அப்பெண், பாலை மறக்கடிக்கப் பார்க்கிறேன், பிள்ளை மறுக்கிறது என்றாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்க, பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பணம் தருகிறார் என்றாள். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் அன்னார் ஓதியது அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் பதிவு செய்கிறார். தொழுகை முடிந்ததும், முஸ்லிம்களின் குழந்தைகள் எத்தனை பேர் தம்மால் மாண்டனரோ என்று தம்மையே நொந்து கொண்டார்கள். பிறகு அறிவிப்பாளர் ஒருவரை அழைத்து, பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். மற்ற ஊர்களுக்கும் மடல் சென்றது. பிறந்தவுடன் 100 திர்ஹம், வளர்ந்ததும் 200 என்று எழுதப்பட்டது. பெற்றோர் யாரெனத் தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் 100 திர்ஹம். அதை வளர்ப்பவருக்கு மாதந்தோறும் உணவுப்படி. பாலூட்டும் செலவு பைத்துல் மாலின் பொறுப்பு. தகப்பன் பெயர் இல்லாத குழந்தைக்கும் அந்த ஏட்டில் ஓர் இடம் இருந்தது.

குஸாஆ குலத்தாரின் பதிவேட்டைக் கலீஃபாவே எடுத்துக் கொண்டு மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள குதைத் என்னும் ஊருக்குச் செல்வார்கள். அங்கே பெண்கள் ஒவ்வொருவராக வந்து தம் பங்கைத் தம் கையிலேயே பெற்றுக் கொள்வார்கள். பின்னர் அங்கிருந்து உஸ்ஃபானுக்குச் சென்று அவ்வாறே செய்வார்கள். மரணம் வரை இவ்வழக்கம் தொடர்ந்தது என்கின்றனர். என் மாணவரின் தந்தை ஏட்டைத் தேடி நடந்தார். அங்கே ஏடு மக்களைத் தேடி நடந்தது. இதைச் சொன்னபோதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

நாம் பின்பற்றும் ஹிஜ்ரி ஆண்டும் இந்த எழுத்துப் பணியின் கொடைதான் என்பதைப் பலர் அறியார். நாளிடாத மடல்கள் வருகின்றன, எதை முதலில் நிறைவேற்றுவது என்று தெரியவில்லை என்று பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் எழுதினார்கள். ஷஃபான் மாதத்தில் தீர்க்க வேண்டிய கடன் பத்திரம் ஒன்று வந்தபோது, எந்த ஷஃபான், சென்றதா, வருவதா என்ற ஐயம் எழுந்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. கலந்தாலோசனைக்குப் பின், ஹிஜ்ரத்திலிருந்து ஆண்டைக் கணக்கிடும் முடிவு பிறந்தது.

எழுத்தரின் பொறுப்பு பெருகப் பெருக ஆபத்தும் பெருகியது. உஸ்மான் (ரலி) அவர்களின் முத்திரையோடு சென்று பிடிபட்டதாகக் கூறப்படும் மடலைப் பற்றி இங்கே விரித்துரைக்க நான் விரும்பவில்லை. தாம் அதை எழுதவுமில்லை, எழுதப் பணிக்கவுமில்லை என்று அன்னார் சத்தியம் செய்தார்கள் என்பதோடு நிறுத்திக் கொள்கிறேன். முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் நடந்தது அதைவிட எளிய செய்தி. அம்ர் பின் ஸுபைர் என்பவருக்கு ஒரு இலட்சம் திர்ஹம் வழங்குமாறு இராக்கின் ஆளுநர் ஸியாதுக்கு மடல் எழுதிக் கொடுத்தார்கள். வழியில் அவர் மடலைப் பிரித்து ஒன்றை இரண்டாக்கிவிட்டார். ஸியாத் அனுப்பிய கணக்கைச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அதன் விளைவாகவே 'தீவானுல் காதம்', அதாவது முத்திரைத் துறை, தோன்றியது. அதுவரை மடித்து முத்திரையிடாமல் சென்ற மடல்கள் இனி முத்திரையிடப்பட்டே சென்றன.

அமானிதம் காத்த எழுத்தர்களும் இருந்தனர். பைத்துல் மாலின் பொறுப்பாளராக இருந்த அப்துல்லாஹ் பின் அல்அர்கம் (ரலி) அவர்களுக்கு உஸ்மான் (ரலி) அவர்கள் பெருந்தொகை ஒன்றை அன்பளிப்பாக அளிக்க முன்வந்தபோது, அல்லாஹ்வுக்காகவே பணி செய்தேன் என்று மறுத்துவிட்டார்கள். உமைய்யா கலீஃபா அப்துல் மலிக்கின் ஆட்சியில் இராக்கின் பதிவேடுகள் இன்னும் பாரசீக மொழியிலேயே இருந்தன. ஷாமில் கிரேக்க மொழி. வெற்றி கொண்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும் பழைய எழுத்தர்களும் அவர்களின் மொழியும் அகற்றப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. ஷாமின் ஏடுகள் ஹிஜ்ரி 81இல் அரபிக்கு மாறின. இராக்கில் ஆளுநர் ஹஜ்ஜாஜின் ஆணைப்படி அப்பணியை ஏற்றவர் ஸாலிஹ் பின் அப்துர் ரஹ்மான், சிஜிஸ்தானிலிருந்து சிறைப்பட்டு வந்த ஒருவரின் மகன். இயலாது என்று சொல்லிவிடும், ஒரு இலட்சம் திர்ஹம் தருகிறோம் என்று பழைய எழுத்தர் தரப்பு அவரிடம் பேரம் பேசியது. அவர் மறுத்துப் பணியை முடித்தார்.

இவையெல்லாம் பிற்காலத்தார் எழுதிய வரலாறுதானே, அக்காலத்து ஏடு ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எஞ்சியிருக்கிறது. எகிப்தின் அஹ்னாஸ் ஊரில் எழுதப்பட்ட பாப்பிரஸ் ஆவணம் ஒன்று இப்போது வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அது ஒரு ரசீது. முஸ்லிம் படைத்தலைவர் அப்துல்லாஹ் பின் ஜாபிர், அவ்வூர்ப் பொறுப்பாளர்களான கிறிஸ்தவர்களிடமிருந்து தம் வீரர்களின் உணவுக்காக 65 ஆடுகளைப் பெற்றுக் கொண்டதற்கு எழுதிக் கொடுத்தது. ஒரே தாளில் கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்டுள்ளது. கொடுத்தவர் படித்தறியும் மொழியிலும் எழுதினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த ஆடுகள் அவ்வூராரின் வரியில் கழிக்கப்பட வேண்டியவை என்ற குறிப்பு பின்பக்கத்தில் உள்ளது. ஜுமாதல் ஊலா மாதம், ஆண்டு 22. உமர் (ரலி) அவர்கள் உயிரோடிருந்த காலம். கி.பி. 643. அரபிப் பகுதியின் கடைசியில் எழுத்தர் தம் பெயரை இட்டிருக்கிறார்: எழுதியவர், இப்னு ஹதீத்.