புகாரின் இரு பாக்கங்களும் இன்றைய நிலப்பயன்பாட்டு மண்டலங்களும்: குடியிருப்பு - வணிகப் பகுப்பு குறித்த ஓர் ஒப்பீடு

முன்னுரை

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வணிகப் பகுதி எனவும், பட்டினப்பாக்கத்தைக் குடியிருப்புப் பகுதி எனவும் கொண்டு, இன்றைய நிலப்பயன்பாட்டு மண்டல முறைக்கு அதனை முன்னோடியாகச் சுட்டும் வழக்கம் உண்டு. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை இந்திரவிழவூரெடுத்த காதையின் செய்திகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இன்றைய சட்டத்தின் பகுப்பு

சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமாகும். அதன்கீழ் சென்னைப் பெருநகருக்கு வகுக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம் முதலிய மண்டலங்களாக அது நிலத்தைப் பகுக்கிறது.

இப்பகுப்பில் இரு இயல்புகள் கருதத்தக்கன. முதலாவது, வகைப்பாடு நிலத்தைச் சார்ந்தது, உரிமையாளரைச் சார்ந்ததன்று. மனையை விற்றாலும் அதன் மண்டலம் மாறுவதில்லை. மாற்ற வேண்டுமாயின் நிலப்பயன்பாட்டு மாற்றத்திற்கு உரிய ஆணை வேண்டும். இரண்டாவது, விலக்கு இரு பக்கமும் ஒத்ததன்று. வணிக மண்டலத்தில் வீடு கட்டத் தடையில்லை. முதன்மைக் குடியிருப்பு மண்டலத்திலோ, குறித்த அளவுக்கு உட்பட்ட சிறுகடைகள் போன்றவை மட்டுமே ஏற்கப்படுகின்றன. ஆகவே, சட்டம் காக்க முனைவது வீட்டின் அமைதியையே எனலாம்.

மருவூர்ப்பாக்கம்

கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் பண்டசாலைகள் இருந்தன. பட்டும் பவளமும் முத்தும் மணியும் பொன்னும் குவிந்த தெருக்களும், கூலக்கடைத் தெருவும் இருந்தன. ஆயின் அது வணிகத்துக்கு மட்டும் உரிய இடமாக இல்லை. யவனரின் இருப்பிடங்களும், பல புலங்களிலிருந்து வந்த கடலோடிகள் கலந்து வாழ்ந்த இடங்களும் அங்கேயே கூறப்படுகின்றன. நெய்பவர், பிட்டும் அப்பமும் விற்பவர், பரதவர், உப்பு விற்கும் உமணர், கள் விற்பவர், கன்னார், கொல்லர், தச்சர், தையற்காரர் எனத் தொழில் செய்தோர் வரிசை நீள்கிறது. காதை இவர்களின் தொழிலிடத்தை ஒன்றாகவும் வாழிடத்தை வேறாகவும் காட்டவில்லை.

பட்டினப்பாக்கம்

பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் தேர் வீதியும், பெருங்குடி வணிகரின் மாட வீதியும், மறையோர், உழவர், மருத்துவர், கணியர் ஆகியோரின் இருப்பிடங்களும் இடம்பெறுகின்றன. இவற்றோடு பீடிகைத் தெரு எனப்படும் கடைவீதியும், மணி கோப்போரும் சங்கறுத்து வளை செய்வோரும் வாழ்ந்த வீதியும் உள்ளன. எனவே, இதனையும் தனிக் குடியிருப்பு மண்டலம் எனல் பொருந்தாது.

இவ்விரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி கூடியது. பகற்பொழுதின் அவ்வங்காடி இருவகை மக்களும் கூடும் பொது இடமாகத் திகழ்ந்தது. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே கூறுவதால், அங்காடியை இடத்தால் மட்டுமன்றிப் பொழுதாலும் பகுத்த வழக்கு அறியப்படுகிறது. இன்றைய மண்டல வரைபடம் பொழுதைக் கணக்கிற் கொள்வதில்லை.

பகுப்பின் அடிப்படை

மேற்கண்ட செய்திகளால், புகாரின் பகுப்பு நிலத்தின் பயன்பாட்டை அளவாகக் கொண்டதன்று என்பது தெளிவாகிறது. வாழ்ந்தோரின் தகுதி, தொழில், அரண்மனையோடு கொண்ட தொடர்பு ஆகியவையே அதன் அளவுகோல்கள். இதில் ஒரு நுட்பமான செய்தியும் அடங்கியுள்ளது. பெருவணிகரின் மாளிகை ஒரு பாக்கத்திலும் பண்டசாலை மற்றொரு பாக்கத்திலும் அமைகின்றன. வணிகத்தினின்று வீட்டைப் பிரித்து வாழும் நிலை செல்வருக்கே வாய்த்தது எனக் கொள்ள இது இடந்தருகிறது. அப்பம் விற்றவருக்கும் நெய்தவருக்கும் வாழிடமே தொழிலிடமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காப்பியம் நகர வருணனையேயன்றி நில ஆவணமன்று. கீழையூர் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் படகுத்துறை துறைமுகத்திற்குச் சான்றாகும். தெருக்களின் பகுப்பிற்குச் சான்றாகாது. ஆகவே, மேற்கூறிய முடிவு, நகரை எவ்வாறு பகுத்துக் காண்பது என்னும் அக்காலக் கருத்தைப் பற்றியதாகவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

புகாரை இன்றைய மண்டல முறையின் முன்னோடி எனக் கூறுவது, மக்களைப் பகுத்த ஒரு முறையை நிலத்தைப் பகுத்த முறையாகப் பிறழ உணர்வதாகும். இப்பிறழ்ச்சி பெருமித உணர்வோடு நின்றுவிடுவதில்லை. குடியிருப்பும் வணிகமும் தொன்றுதொட்டே பிரிந்திருந்தன என்று கொண்டால், வீட்டுத் திண்ணையில் தறியோ இட்லிக் கடையோ வைத்திருப்பவர் மரபை மீறியவராகத் தோன்றுவார். சான்றுகளோ அவரது வாழ்முறையே மருவூர்ப்பாக்கத்திற்கு அணுக்கமானது எனக் காட்டுகின்றன. இன்றைய விதிகள் சிறுகடைகளுக்குத் தரும் விலக்கிலும் கலப்புக் குடியிருப்பு என்னும் வகையிலும் அப்பழைய வாழ்முறைக்குச் சிறிது இடம் எஞ்சியுள்ளது. பிரிவினையைக் காட்டிலும் இக்கலப்பின் வரலாறே தமிழக நகரியல் ஆய்வில் விரிவாக ஆராயத்தக்கது.