தொழில் உரிமம்: அமெரிக்க மாநிலங்களும் எளிய உழைப்பாளரும்

தொழில் உரிமம் என்பது, ஒருவர் ஒரு வேலையைக் கூலிக்குச் செய்யத் தொடங்குமுன் அரசிடம் பெற வேண்டிய அனுமதி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதைப் பெரும்பாலும் மாநிலங்களே வழங்குகின்றன. தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுவது நல்லது. நம்மூரில் முடிதிருத்தும் கடைக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் தேவைப்படலாம். கத்தரி பிடிக்கிறவருக்கு யாரும் தேர்வு வைப்பதில்லை. ‘லைசென்ஸ் ராஜ்’ என்று நாம் திட்டித் தீர்த்ததும் ஆலை நடத்துபவருக்குப் போட்ட பூட்டைத்தான். அமெரிக்காவில் பூட்டு விழுந்தது கூலிக்கு உழைப்பவரின் கைக்கு. 1950களில் அங்கே உழைப்பாளரில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு மாநில உரிமம் தேவைப்பட்டது. 2015இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, உரிமம் தேவைப்படுவோர் நால்வரில் ஒருவருக்கும் மேல் என்றது. மருத்துவரும் வழக்கறிஞரும் பெருகியதால் மட்டும் வந்த உயர்வு அல்ல இது. புதிது புதிதாகத் தொழில்கள் உரிமத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதே இதில் பெரும்பங்கு. அந்தத் தொழில்களில் பல, கையில் காசில்லாதவர் வழக்கமாகப் போய்ச் சேரும் தொழில்கள். உரிமச் சுமை என்றதும் கட்டணம்தான் நினைவுக்கு வரும். கட்டணம் சிறியது. உரிமம் உண்மையில் விலையாகக் கேட்பது காலத்தை, அதாவது சம்பளமில்லாத மாதங்களை. சேமிப்பு உள்ளவர் அந்த மாதங்களைத் தாங்கிக்கொள்வார்; அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

இதன் வேர் ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் இருக்கிறது. 1563இல் இங்கிலாந்து இயற்றிய கைவினைஞர் சட்டம், ஒரு கைத்தொழிலைச் செய்ய 7 ஆண்டு பயிற்சி வேண்டும் என்று விதித்தது. 1776இல் ஆடம் ஸ்மித் இந்த நீண்ட பயிற்சிக் கால விதியைக் கடுமையாகச் சாடினார். ஏழையின் ஒரே சொத்து அவனுடைய கைத்திறன், அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது அந்தச் சொத்துரிமையை அப்பட்டமாக மீறுவது என்பது அவர் வாதம். 1814இல் அந்தப் பயிற்சி விதி நீக்கப்பட்டது. அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல மாநிலங்கள் மருத்துவருக்கான உரிமச் சட்டங்களைக்கூடக் கைவிட்டன. அந்த நூற்றாண்டின் இறுதியில் காற்று திசை மாறியது. போலி மருந்துகளும் தகுதியற்ற மருத்துவர்களும் மலிந்த காலம் அது. மேற்கு வர்ஜீனியாவின் மருத்துவ உரிமச் சட்டம் செல்லும் என்று 1889இல் உச்ச நீதிமன்றம் டென்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு மருத்துவரைப் பற்றியது. ஆனால் அது திறந்த வழியில் மற்ற தொழில்களும் நுழைந்தன. 1897இல் மினசோட்டா முடிதிருத்துநர்களுக்கு உரிமச் சட்டம் இயற்றியது. சுகாதாரம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கத்தி வழியே தோல் நோய் பரவக்கூடும் என்ற அச்சம் பொய்யும் அல்ல. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல அமெரிக்க நகரங்களில் வசதியான வெள்ளையருக்கு முடிதிருத்தும் தொழில் கறுப்பினத்தவர் கையில் இருந்தது. அவர்களோடு போட்டியிட்ட வெள்ளையர்களின் தொழிற்சங்கமே உரிமச் சட்டங்களுக்காக முன்னின்று குரல் கொடுத்தது. சுகாதாரமும் போட்டியைக் குறைக்கும் ஆசையும் ஒரே சட்டத்துக்குள் குடியிருக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழக்கம் ஓர் அமைப்பாகவே உறைந்தது. மாநிலங்கள் தொழிலுக்கொரு வாரியம் அமைத்தன. வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே தொழிலைச் செய்பவர்கள். புதிதாக யார் நுழையலாம் என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே தீர்மானித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்திய ஓக்லஹோமா சட்டம் ஒன்று 1955இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டம் தேவையற்றதாகவும் வீணானதாகவும் இருக்கலாம், அதை எடைபோட வேண்டியது சட்டமன்றமே என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு உரிமச் சட்டத்தை நீதிமன்றத்தில் வெல்வது குதிரைக் கொம்பாயிற்று. பொருளியல் அறிஞர்கள் மட்டும் விடாமல் பேசினார்கள். 1945இல் மில்டன் ஃபிரீட்மனும் சைமன் குஸ்நெட்ஸும் எழுதிய நூல், மருத்துவர் வருமானம் உயர்ந்திருப்பதில் நுழைவுத் தடைக்கும் பங்கு உண்டு என்று காட்டியது. ஃபிரீட்மன் 1962இல் இந்த வாதத்தை எல்லா உரிமங்களுக்கும் விரித்தார். மருத்துவருக்கும் உரிமம் வேண்டாம் என்கிற அளவுக்குப் போனதால், அவர் வாதத்தைப் பலர் மிகையென்று தள்ளினார்கள். மருத்துவரைப் பற்றி அவர் சொன்னதை ஏற்காதவரும், பூ அலங்காரம் செய்பவருக்கு எதற்கு உரிமம் என்று கேட்கலாம். லூசியானா மாநிலம் பூக்கடைக்காரருக்கு அப்படி ஓர் உரிமத்தை வைத்திருந்தது. நடுவர்கள் முன் பூக்களை அடுக்கிக் காட்டும் செய்முறைத் தேர்வும் அதில் இருந்தது. அந்தச் செய்முறைத் தேர்வு நீக்கப்பட்டது 2010இல்தான்.

எளிய தொழில்களின் மீதான சுமையை முதன்முறையாக நாடு தழுவி அளந்தது ‘இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற சட்ட அமைப்பு. அது உரிமக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்காடும் அமைப்பு என்பதை மனத்தில் வைத்தே அதன் எண்களைப் படிக்க வேண்டும். ஆனால் அது தொகுத்தவை மாநிலச் சட்டங்களில் அச்சாகியிருக்கும் விதிகள், யாரும் சரிபார்க்கலாம். குறைந்த வருமானமுள்ள 102 தொழில்களை அது ஆராய்ந்தது. 2012 அறிக்கையின்படி ஓர் உரிமத்துக்குச் சராசரியாக 209 டாலர் கட்டணம், ஒரு தேர்வு, ஏறத்தாழ 9 மாதப் பயிற்சி தேவைப்பட்டது. அந்த அறிக்கையில் ஓர் ஒப்பீடு இருக்கிறது, எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறையாதது. உயிருக்குப் போராடுபவரை ஆம்புலன்ஸில் ஏற்றிச் செல்லும் அவசர மருத்துவ உதவியாளருக்குச் சராசரியாக 33 நாள் பயிற்சி. அழகுக்கலை செய்பவருக்கு 372 நாள். ஆபத்தின் அளவே பயிற்சியின் அளவைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியல்லவா இருக்க வேண்டும்? மாநிலத்துக்கு மாநிலம் உள்ள வேறுபாடும் இதையே காட்டுகிறது. அயோவா அழகுக்கலைக்கு 2100 மணி நேரம் கேட்டபோது நியூயார்க் 1000 மணியோடு நிறுத்திக்கொண்டது. அயோவாக்காரரின் தலைமுடி இரு மடங்கு ஆபத்தானது என்று யாரும் சொன்னதில்லை.

அந்த மணிக்கணக்கு ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வில் என்னவாகிறது என்று பார்க்கலாம். அழகுக்கலைப் பள்ளிகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகள். படிப்புக்குச் சராசரியாக 16,000 டாலருக்கு மேல் ஆகிறது என்றும், உரிய காலத்தில் முடிப்பவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றும் அதே அமைப்பு 2021இல் கணக்கிட்டது. பயிற்சி மணிகளில் ஒரு பகுதி, பள்ளியே நடத்தும் நிலையத்தில் வாடிக்கையாளருக்கு முடிவெட்டுவதில் கழிகிறது. வாடிக்கையாளர் தரும் காசு பள்ளிக்கு. வெட்டிய மாணவிக்குச் சம்பளம் இல்லை, அவள்தான் கட்டணம் கட்டுகிறாள். இதற்காகக் கடன் வாங்கியவர் கடனைத் திருப்பத் தவறினால் உரிமத்தையே முடக்கும் சட்டம் 2017இல் 19 மாநிலங்களில் இருந்தது. வேலை செய்து கடனை அடைக்க வேண்டியவரின் வேலையைப் பறித்தால் கடன் எப்படி அடையும் என்ற எளிய கேள்வியைக் கேட்கப் பல ஆண்டுகள் ஆயின. டெக்சஸ் 2019இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது.

சுமை மிகத் தெளிவாகத் தெரிவது, உரிமம் கேட்கும் படிப்புக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பே இல்லாத இடங்களில். ஆப்பிரிக்கப் பின்னல் அத்தகையது. கத்தரி இல்லை, சாயம் இல்லை, வேதிப்பொருள் இல்லை; தாயிடமிருந்து மகளுக்கு வரும் விரல் வித்தை. இதற்கு யூட்டா மாநிலம் 2000 மணி அழகுக்கலைப் படிப்பைக் கேட்டது. படிப்பிலோ இந்தப் பின்னலுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியைப் பின்னல்காரருக்குப் பொருந்தாதென்று தள்ளியது. விதி தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அருகருகே உள்ள இரு மாநிலங்கள் சாட்சி. மிசிசிப்பி 2005இல் உரிமத்தை நீக்கி, 25 டாலர் கட்டிப் பதிவு செய்துகொண்டு தொற்றுத் தடுப்பு பற்றிய ஒரு சுயதேர்வை எழுதினால் போதும் என்றது. பக்கத்து லூசியானா 500 மணி பயிற்சியைக் கேட்டது. 2012இல் மிசிசிப்பியில் பதிவு செய்திருந்த பின்னல்காரர்கள் 1,200 பேருக்கு மேல்; கறுப்பின மக்கள் கூடுதலாக உள்ள லூசியானாவில் உரிமம் பெற்றிருந்தவர்கள் 32 பேர். எஞ்சியவர்கள் பின்னுவதை விட்டுவிட்டார்கள் என்று நினைக்க இடமில்லை. வீட்டுத் திண்ணையிலும் சமையலறையிலும், அபராத அச்சத்தோடு, சட்டத்தின் கண்ணில் படாமல் பின்னியிருப்பார்கள். அப்படியானால் சுகாதாரம் காக்க வந்த உரிமம், அந்தத் தொழிலை எந்தச் சுகாதார ஆய்வாளரும் எட்டிப் பார்க்காத இடத்துக்குத் துரத்தியது என்றுதான் சொல்ல வேண்டும்.

தெற்காசியருக்கு நெருக்கமான வழக்கு ஒன்றும் உண்டு. நம் அழகு நிலையங்களில் ‘த்ரெட்டிங்’ என்று சொல்லும் புருவம் திருத்தும் வேலை, குடியேறியவர்களோடு அமெரிக்கா போனது. ஒரு பருத்தி நூல். அதை முறுக்கிப் பிடித்து முடியைப் பற்றி இழுக்கும் லாவகம். வேறு கருவி கிடையாது. டெக்சஸ் இதற்கு 750 மணி நேரப் படிப்பு வேண்டும் என்றது. அதில் 320 மணி வரை இந்த வேலைக்குத் தொடர்பற்றது என்பதை மாநில அரசே நீதிமன்றத்தில் மறுக்க முடியவில்லை. 2015 ஜூன் மாதம் படேல் வழக்கில் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதி மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சுகாதாரப் பாடம் வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. வேலையோடு ஒட்டாத சுமை இவ்வளவு கனக்கலாகாது என்றுதான் சொன்னது.

காலத்தைத் தவிர வேறு தாழ்ப்பாள்களும் உண்டு. ‘நன்னடத்தை’ என்று பொதுவாகச் சொல்லும் ஒரு விதி, எப்போதோ தண்டனை பெற்றவரை வேலைக்குத் தொடர்பே இல்லாமல் வெளியே நிறுத்தியது. கலிஃபோர்னியாவில் சிறைக்கைதிகள் காட்டுத்தீயை அணைக்கும் படைகளில் வேலை செய்தார்கள். விடுதலையான பின் அதே தீயணைப்பு வேலைக்குப் போக அவர்களுடைய பழைய குற்றப் பதிவே தடையாக நின்றது. 2020இல் வந்த சட்டம் இந்தத் தடையைத் தளர்த்தியது. மொழியும் ஒரு தாழ்ப்பாள். நக அழகுத் தொழிலில் வியட்நாமியர் பெருமளவில் நுழைந்தனர். ஆங்கில அறிவைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் அவர்களுடைய பங்கு குறைந்திருந்ததை 2006இல் வந்த ஆய்வு ஒன்று கண்டது.

உரிமத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வாடிக்கையாளரால் தரத்தை முன்கூட்டியே அறிய முடியாத தொழில்களில் அரசின் சோதனை உயிர் காக்கும் என்கிறார்கள். சில தொழில்களில் அது உண்மை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவச்சிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கிய மாநிலங்களில் பிரசவ மரணம் குறைந்தது என்று பொருளியல் ஆய்வு காட்டுகிறது. ஆனால் பல் மருத்துவத்தைப் பற்றி மாரிஸ் கிளைனரும் ராபர்ட் குட்ரலும் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கடுமையான உரிமத் தேர்வுள்ள மாநிலங்களில் கட்டணம் உயர்ந்தது, பற்களின் நலம் மேம்படவில்லை. மின்பணியாளர் உரிமம் கடுமையாகி ஆள் அரிதான இடங்களில், மின்சாரம் தாக்கி இறப்பது கூடுதலாக இருந்ததை 1981இல் ஓர் ஆய்வு கண்டது. கூலி கட்டுப்படியாகாதபோது மக்கள் தாங்களே கம்பியைத் தொடுகிறார்கள் என்பது அதற்கான விளக்கம். ஆகவே உரிமம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதே பிழை. எந்தத் தொழிலில் எந்தத் தீங்கை எந்த விதி தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பின்னலும் புருவமும் அந்தக் கேள்வியில் தோற்கும், பிரசவம் தோற்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. உரிமம் ஏழைக்குச் சுமை மட்டுமல்ல, கேடயமும் கூட என்பது அது. பீட்டர் பிளேரும் பாபி சங்கும் செய்த ஆய்வின்படி, கறுப்பின ஆண்களைக் குற்றவாளிகளாக ஐயுறும் முதலாளிகளிடம், தண்டனை பெற்றவரைச் சேர்க்காத உரிமம் ஒரு நற்சான்றாக வேலை செய்கிறது. இனங்களுக்கிடையிலான கூலி இடைவெளி குறைகிறது. இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சான்றின் பயன் உரிமம் பெற்றுவிட்டவருக்கு. அதன் விலையைக் கொடுப்பவர் தண்டனையை அனுபவித்துத் திரும்பி, உரிமமே கேட்க முடியாதவர். உரிமம் பெற்றவருக்குக் கிடைக்கும் 10 முதல் 15 சதவீதக் கூடுதல் கூலிக்கும் இதே கணக்குதான் பொருந்தும். அந்த உயர்வில் ஒரு பங்கு வெளியே நிற்பவரிடமிருந்தும், அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளரிடமிருந்தும் வருகிறது. அந்த வாடிக்கையாளரும் ஏழையாக இருக்கலாம்.

2010க்குப் பிறகு வழக்குகளும் சீர்திருத்தங்களும் வேகம் பிடித்தன. லூசியானாவில் பெனடிக்ட் சபைத் துறவிகள் தச்சு வேலை செய்து எளிய சவப்பெட்டிகளை விற்றார்கள். ஈமச்சடங்கு உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது என்று வாரியம் தடுத்தது. காலிப் பெட்டி விற்க, உடலைப் பதப்படுத்தும் அறை வேண்டும் என்ற விதியில் எந்த நியாயமும் இல்லை என்று 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம், பல் வெண்மையாக்கும் கடைகளை விரட்டியது. தொழில் செய்பவர்களே ஆதிக்கம் செலுத்தும் வாரியத்துக்கு, அரசின் மேற்பார்வை இல்லையென்றால் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவும் டெக்சஸும் 2021இல் அழகுக்கலைப் படிப்பை 1000 மணியாகக் குறைத்தன; 2023இல் அயோவா 2100ஐ 1550 ஆக்கியது. எனினும் ஓர் உரிமம் அடியோடு நீக்கப்படுவது அபூர்வம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முந்தைய 40 ஆண்டுகளில் மாநிலங்கள் ஒரு தொழிலை உரிமத்திலிருந்து முழுதாக விடுவித்த நிகழ்வுகள் எட்டே என்று எண்ணியது. உள்ளே இருப்பவருக்குச் சங்கமும் வாரியமும் உண்டு. வெளியே இருப்பவருக்கு எதுவும் இல்லை. மிகவும் பாராட்டப்பட்ட சீர்திருத்தத்திலும் இந்தச் சாய்வு தெரிகிறது. 2019இல் அரிசோனா, பிற மாநில உரிமங்களைப் பொதுவாக ஏற்கும் முதல் மாநிலமானது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. வேறொரு மாநிலத்தில் குறைந்தது ஓராண்டு உரிமம் வைத்திருந்தவருக்கே அந்தச் சட்டம் பொருந்தும். எங்கும் உரிமம் இல்லாதவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.